கம்பம் நட்டு ஓராண்டு காத்திருப்பது ஏன்?

சென்னை பள்ளிக்கரணையில் தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் இருக்கிறது. நாட்டில் எங்கே எவ்வளவு காற்று வீசுகிறது என்று அளந்து வரைபடம் போடுவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. ஆனால் வரைபடத்தை மட்டும் நம்பி யாரும் காற்றாலை போடுவதில்லை. ஊருக்கே வந்து, உயரமான கம்பம் நட்டு, காற்றுமானி மாட்டி, ஓராண்டாவது அளப்பார்கள்.

காற்று பருவத்துக்குப் பருவம் மாறும். அதன் வேகம் கொஞ்சம் மாறினாலும் கிடைக்கும் ஆற்றல் ஏகத்துக்கு மாறிவிடும். அதனால்தான் இந்தப் பொறுமை. வினாடிக்கு 5 மீட்டராக வீசும் காற்று 6 மீட்டரானால் வேகம் 20 சதவீதம்தான் கூடுகிறது. ஆற்றலோ 73 சதவீதம் கூடிவிடுகிறது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு! கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் குவிந்திருப்பதும் இதனால்தான். தென்மேற்குப் பருவக்காற்று அங்கே இரண்டு மலைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு நுழையும்போது வேகம் பிடிக்கிறது.

காற்று வினாடிக்கு 3 மீட்டரைத் தாண்டினால் இறக்கைகள் மின்சாரம் தரத் தொடங்கும். 25 மீட்டர் வாக்கில் எந்திரம் தானே இறக்கைகளைத் திருப்பிக்கொண்டு நின்றுவிடும். ஓடும்போது இறக்கைகள் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து சுற்றுதான் சுற்றுகின்றன. உள்ளே இருக்கும் கியர்பாக்ஸ் அதை ஆயிரத்துக்கும் மேலாக்கி ஜெனரேட்டருக்குக் கொடுக்கிறது. அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர், துணை மின்நிலையம், கடைசியில் எல்லா ஊர்களையும் இணைக்கும் மின்கம்பி வலையான மின்தொகுப்பு. ஆடி மாத இரவில், சூரிய மின்சாரம் இல்லாத நேரத்தில், சென்னையில் ஓடும் ஏசிக்கும் இந்தக் காற்றில் பங்கு உண்டு.

சரி, காற்று வீசும் ஊருக்கு என்ன கிடைக்கும்? மின்சாரம் தொகுப்புக்குப் போய்விடுவதால், ஊரில் காற்றாலை இருக்கிறது என்பதற்காக வீட்டு பில் குறையாது. கட்டும்போது நிறையப் பேருக்கு வேலை இருக்கும். கட்டி முடித்தபின் காவலுக்கும் பராமரிப்புக்கும் சிலர் போதும். ஐடிஐ படித்த உள்ளூர்ப் பிள்ளைகளை அதற்கு எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

உண்மையான லாபம் நிலத்தில் இருக்கிறது. ஒரு காற்றாலையைக் கடந்த காற்று வேகம் குறைந்து, கலங்கிப் போயிருக்கும். அது மறுபடி தேறுவதற்காக அடுத்த காற்றாலையைப் பல நூறு மீட்டர் தள்ளித்தான் வைக்கிறார்கள். இடையில் உள்ள மானாவாரி நிலத்தில் உளுந்து விதைக்கலாம், சோளம் போடலாம், ஆடு மேய்க்கலாம். அதனால் நிலத்தை ஒரேயடியாக விற்றுவிடாமல், கோபுரத்துக்கும் பாதைக்கும் வேண்டிய இடத்தை மட்டும் குத்தகைக்கு விடுவதே நல்லது என்பேன். விளைச்சல் பொய்த்த வருஷத்திலும் குத்தகைப் பணம் வந்து சேரும்.

கிராமசபையில் திட்டம் பேச்சுக்கு வந்தால், முதலில் அந்தக் கம்பத்தின் ஓராண்டு அளவைக் கேளுங்கள். வீடுகளிலிருந்து எவ்வளவு தூரம், இரவில் சத்தம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். எந்திரத்தின் ஆயுள் இருபது, இருபத்தைந்து ஆண்டுதான். மண்ணுக்குள் கிடக்கும் கான்கிரீட் அதற்குப் பிறகும் கிடக்கும். அதைத் தோண்டி எடுப்பது யார் செலவு என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.