கேப்சூலைப் பிரித்துப் புண்ணில் கொட்டாதீர்கள்

கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள் அட்டைக்கடியைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டு, கால் சிவந்து வீங்கிய நிலையில் எங்களிடம் வருவார்கள். பலருடைய புண்ணின்மேல் வெள்ளைப் பொடி அப்பியிருக்கும். விழுங்கக் கொடுத்த ஆன்டிபயாட்டிக் கேப்சூலைப் பிரித்துக் கொட்டியிருப்பார்கள். அண்மையில் வந்த ஓர் அம்மா, "வயித்துக்குப் போற மருந்து கால் புண்ணை எப்படிங்க டாக்டர் ஆத்தும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, முழுமையாகவே விடை சொல்ல வேண்டும்.

விழுங்கிய மருந்து இரத்தத்தில் கலந்து, தோலின் நுண்குழாய்கள் வழியே வெளியேறி, செல்களுக்கு இடையிலுள்ள நீரை அடைகிறது. இப்படித் தோலும் அதன் அடித்திசுவும் கிருமியால் சிவந்து வீங்குவதைச் செல்லுலைட்டிஸ் என்போம்; அதன் கிருமிகள் பெருகுவதும் பெரும்பாலும் அந்த நீரில்தான். மருந்து அங்கே சேர்வதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். தோலைச் சிறிது வெட்டியெடுத்து அரைத்துப் பார்க்கும் பழைய முறையில், இரத்தமும் செல்லும் இடைநீரும் ஒன்றாகக் கலந்து கணக்கைக் குழப்பிவிடும். மைக்ரோடயாலிசிஸ் முறையிலோ, நுண்துளைச் சவ்வு பொருத்திய மெல்லிய குழாயைத் தோலுக்கடியில் செருகி, உப்புக்கரைசலை நிமிடத்துக்கு ஓரிரு மைக்ரோலிட்டர் வேகத்தில் செலுத்தி, அதில் வந்து சேரும் மருந்தை அளக்கிறார்கள். பெரிய புரதங்கள் அந்தச் சவ்வைக் கடப்பதில்லை. புரதத்தோடு ஒட்டாத மருந்து மட்டுமே கடக்கிறது, கிருமியைக் கொல்வதும் அதுதான். செஃப்ட்ரையாக்ஸோன் என்ற ஆன்டிபயாட்டிக்கில் மிகப்பெரும் பகுதி இரத்தப் புரதத்தோடு ஒட்டியிருக்கும். லினசோலிட் என்ற இன்னொன்றில் ஒட்டுவது சுமார் மூன்றில் ஒரு பங்கே. இரத்த அளவை மட்டும் வைத்துத் தோலில் உள்ள அளவை முடிவுசெய்ய முடியாது என்பதை இளம் மருத்துவர்களும் நினைவில் கொள்ள வேண்டும்.

இனி அந்தப் பொடிக்கு வருவோம். கிருமி முன்னேறும் சிவந்த விளிம்பு, புண்வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிக்கூட, கிழியாத தோலுக்கு அடியில் இருக்கும். புண்வாயில் தூவிய பொடி அங்கே எப்படிப் போய்ச் சேரும்? அது புண்ணீரோடு கட்டியாகக் காய்ந்து அழுக்கைச் சேர்க்கிறது. பென்சிலினைத் தோலில் பூசும் வழக்கம் கைவிடப்பட்டதற்கு அது உண்டாக்கிய ஒவ்வாமை ஒரு முக்கியக் காரணம். இவற்றைவிடப் பெரிய கேடு, வயிற்றுக்குப் போக வேண்டிய ஒரு வேளை மருந்து தவறிவிடுவது. இரத்தத்திலுள்ள செஃபலெக்ஸின் என்ற ஆன்டிபயாட்டிக் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று நாங்கள் எழுதுவது அதனால்தான்.

இரத்தம் எட்டாத இடத்துக்கு மருந்தும் எட்டாது. சீழ் கட்டியிருந்தால் கீறி வெளியேற்றியே ஆக வேண்டும். மாத்திரையால் மட்டும் தீராது. சர்க்கரை நோயுள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள், பீடியை விடுங்கள். காலை உயர்த்தி வைத்துப் படுங்கள். அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பும் புகையிலையும் வேண்டாம். சோப்பும் தண்ணீரும் போதும். சிவப்பின் விளிம்பைப் பேனாவால் வரைந்து வையுங்கள். முதல் ஓரிரு நாளில் அது கோட்டைச் சற்றுத் தாண்டலாம். அதற்காக மருந்தை நிறுத்தாதீர்கள், தாண்டிக்கொண்டே போனால் திரும்ப வாருங்கள். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், கொப்புளம், தோல் கறுத்தல், தாங்க முடியாத வலி ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், மழை விடட்டும், விடியட்டும் என்று தயவுசெய்து காத்திருக்க வேண்டாம்; அந்த நேரமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.