கறுப்பு காட்டத் தெரியாத கண்ணாடித் திரை

பழைய கால்குலேட்டர் ஒன்று கையில் கிடைத்தால் நாலு எண்ணைத் தட்டிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்துப் பாருங்கள். எண்களுக்குப் பின்னால் அவற்றின் நிழல் மங்கலாக விழுந்திருக்கும். நிழல் விழ வேண்டுமென்றால் எண்ணுக்கும் பின்னணிக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தாக வேண்டும். அந்த இடைவெளிதான் கண்ணாடி. பின்னால் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறப் பிரதிபலிப்புத் தாளை மட்டும் உரித்துவிட்டால் அதன் வழியே அந்தப் பக்கம் தெரியும். ஆக, ஊடுருவித் தெரியும் திரை ஒன்றும் புதுச் சமாச்சாரம் இல்லை, தொல்லையெல்லாம் அதில் கலர் படம் காட்ட ஆசைப்படும்போதுதான் ஆரம்பிக்கிறது.

அந்தக் கால்குலேட்டரில் இருப்பது எல்சிடி வகைத் திரை. எல்சிடி தானாக ஒளிராது. பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை எவ்வளவு விடலாம், எவ்வளவு தடுக்கலாம் என்று பார்த்துக்கொள்ளும் கதவு மாதிரிதான் அது. அந்தக் கதவுக்கு இரண்டு பக்கமும் போலரைசர் தாள், அதாவது ஒரே திசையில் அதிரும் வெளிச்சத்தை மட்டும் விடும் தாள் வேண்டும். முதல் தாளிலேயே பாதி வெளிச்சம் போய்விடும், மிச்சத்தில் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிவிடும், அப்புறம் ஒயர்களும் டிரான்சிஸ்டர்களும் மறைப்பது வேறு. சாதாரண எல்சிடி டிவியில் பின்விளக்கு தருவதில் பத்தில் ஒரு பங்குகூட நம் கண்ணுக்கு வருவதில்லை. பின்விளக்கைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியாகப் பயன்படுத்தினால் எவ்வளவு இருட்டாக இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதனால்தான் இந்த வகைத் திரையைப் பெரும்பாலும் ஒரு பெட்டிக்கு முன்பக்கமாக மாட்டி, பெட்டிக்குள்ளே பளிச்சென்று விளக்குப் போட்டுவிடுகிறார்கள்.

ஓஎல்இடி என்ற இன்னொரு வகைத் திரை இதற்கு நேர் எதிர். ஒவ்வொரு பிக்சலும், அதாவது படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், போலரைசர் கட்டாயமில்லை. ஒளிரும் அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. ஆனால் மின்சாரம் கொண்டுபோக ஏதாவது வேண்டுமே? உலோகம் வெளிச்சத்தைத் திருப்பி அடித்துவிடும். இங்கேதான் இண்டியம் டின் ஆக்சைடு என்ற பொருள் கைகொடுக்கிறது. மின்சாரம் கடத்தும், அதே சமயம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைப் போகவும் விடும், ஏனென்றால் அதிலுள்ள எலக்ட்ரான்களைக் கிளப்ப அந்த வெளிச்சத்தின் ஆற்றல் போதாது. இதற்கு மேல், ஒவ்வொரு பிக்சலிலும் ஒரு பகுதியை வேண்டுமென்றே காலியாக விட்டுவிடுகிறார்கள். நாம் அந்தப் பக்கம் பார்ப்பது முக்கியமாக இந்தக் காலி இடங்கள் வழியாகத்தான். இவ்வளவு செய்தும் கிடைப்பது சுமார் 40 சதவீத ஊடுருவல், லேசான கூலிங் கிளாஸ் போட்ட மாதிரி.

சரி, கறுப்பை எப்படிக் காட்டுவது? எல்சிடியில் கறுப்பு என்றால் கதவு மூடல், அது சுலபம். ஓஎல்இடியில் கறுப்பு என்றால் பிக்சல் அணைந்துவிட்டது என்று அர்த்தம், அணைந்த இடத்தில் பின்னால் இருப்பது தெரியும். படத்தில் ஒருவர் வந்து நின்றால் அவர் தலைமுடி இருக்க வேண்டிய இடத்தில் சுவர்தான் தெரியும். 2024 ஜனவரியில் எல்ஜி காட்டிய 77 அங்குல ஊடுருவும் டிவியில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்: பட்டனைத் தட்டினால் கீழேயிருந்து ஒரு கறுப்புத் திரைச்சீலை சுருள் பிரிந்து மேலே வரும். கண்ணாடி டிவி வாங்கி அதற்குப் போர்வை போர்த்துகிற கதைதான்.

மைக்ரோஎல்இடி என்ற மூன்றாவது வகைத் திரை இன்னும் நல்ல பாதை என்று எனக்குப் படுகிறது. விளக்குகள் மிகச் சின்னவை, ஆனால் பிரகாசம் அதிகம், அதனால் பிக்சலில் பெரும்பகுதியைக் காலியாகவே விடலாம். ஆனால் 4கே திரைக்குக் கிட்டத்தட்ட இரண்டரைக் கோடி விளக்குகளை இடம் பிசகாமல் உட்கார வைக்க வேண்டும்.

எதற்கு இதெல்லாம்? லெனோவோ 2024-ல் 17.3 அங்குல ஊடுருவும் திரையோடு ஒரு லேப்டாப்பைச் சோதனை மாதிரியாகக் காட்டியது. பார்க்க அழகு, ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் நீங்கள் பார்ப்பதெல்லாம் இடவலம் மாறித் தெரியும். அதைவிடப் பெரிய சிக்கல் நம் கண்தான். விரலை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு தூரத்தில் ஒரு மரத்தைப் பாருங்கள், விரல் இரண்டாகிவிடும். விரலைப் பார்த்தால் மரம் கலங்கும். கார் கண்ணாடியிலேயே திரையை ஒட்டினாலும் இதே கதி. அதனால்தான் கார்களிலும் விமானங்களிலும் ஓட்டுபவரின் பார்வைக்கு நேரே தகவல் காட்டும் ஹெட்-அப் டிஸ்ப்ளே, பிரதிபலிக்கும் கண்ணாடிகளையும் லென்ஸ்களையும் வைத்துப் பிம்பத்தைத் தூரத்தில் மிதப்பது போலக் காட்டுகிறது. ஊடுருவும் திரை உண்மையில் எடுபடுவது பொருளும் எழுத்தும் கிட்டத்தட்ட ஒரே தூரத்தில் இருக்கும்போதுதான்: அருங்காட்சியகப் பேழைக்குள் ஒரு பழைய பானை, அதற்கு அரையடி முன்னால் கண்ணாடியிலேயே அதன் விவரம். 2020-ல் பெய்ஜிங், ஷென்ஜென் சுரங்க ரயில் ஜன்னல்களில் இப்படிப்பட்ட ஓஎல்இடி திரைகள் வந்தன. சுரங்கத்தின் இருட்டில் இவை நன்றாகவே தெரியும்.

அதே ஆண்டு இசட்டிஇ ஆக்சான் 20 என்ற போன், செல்ஃபி கேமராவைத் திரைக்கு அடியிலேயே ஒளித்துவைத்து விற்பனைக்கு வந்தது. கேமராவுக்கு மேலே உள்ள அந்தச் சின்ன இடம் மட்டும் ஊடுருவும் திரை. பிக்சல்களின் நடுவே உள்ள குட்டி இடுக்குகள் வழியாக நுழையும்போது வெளிச்சம் வளைந்து பரவும், மென்பொருள்தான் படத்தைத் துடைத்துச் சரிசெய்கிறது. அப்படிப்பட்ட போன் கிடைத்தால் இரவில் ஒரு தெருவிளக்கைப் பின்னால் வைத்து செல்ஃபி எடுத்துப் பாருங்கள். விளக்கைச் சுற்றி ஒரு மங்கலான ஒளிவட்டமோ கீற்றுகளோ தெரிந்தால், அது அந்தப் பிக்சல் வலையின் வேலை.