மலையில் ஒரு கிலோமீட்டர் எவ்வளவு தூரம்?

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கத்துப் பல ஹட்டிகளிலிருந்து (படுகர் ஊர்களிலிருந்து) பார்த்தால் பள்ளிக்கூடம் எதிர்ச்சரிவிலேயே தெரியும். வரைபடத்தில் நேர்கோடு போட்டால் 800 மீட்டர்கூட வராது. ஆனால் பிள்ளை நேர்கோட்டிலா போகிறது? தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் ஓடைவரை இறங்கி, மறுகரையில் அதே உயரத்தை ஏறவேண்டும். சாயங்காலம் அதே இறக்கமும் ஏற்றமும் இன்னொரு முறை.

கல்வி உரிமைச் சட்டத்துக்கான 2010 மாதிரி விதிகளின்படி 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு 1 கி.மீ. நடைதூரத்துக்குள்ளும், 6 முதல் 8 வரை 3 கி.மீ.க்குள்ளும் பள்ளி இருக்கவேண்டும். எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். மண்சரிவு, வெள்ளம், சாலை இல்லாமை போன்ற ஆபத்துள்ள இடங்களில் இந்தத் தூரத்தைக் குறைக்கவேண்டும் என்றும், பள்ளி அமைக்க முடியாத சிற்றூர்களுக்கு இலவச வாகனமோ தங்கும் வசதியோ தரவேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. மலைக்காரர்களுக்கு வேண்டியது இந்தப் பகுதி.

ஏற்றத்தை நேரமாக மாற்ற எளிய கணக்கு ஒன்று உண்டு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் தந்தது: 5 கி.மீ. நடைக்கு 1 மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அதாவது சமதளத்தில் 1 கி.மீ.க்கு 12 நிமிடம், ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக 10 நிமிடம். 1 கி.மீ. பாதை 200 மீட்டர் உயர்ந்தால் 32 நிமிடம். இது திடமான பெரியவர்களுக்கான கணக்கு. ஆறு வயதுப் பிள்ளைக்கு இன்னும் கூடும்.

இறக்கம் சும்மா வருவதில்லை. புவியியலாளர் வால்டோ டோப்ளர் 1993இல் வெளியிட்ட சூத்திரப்படி, 100 மீட்டருக்கு 5 மீட்டர் இறங்கும் மெல்லிய சரிவில்தான் நடை மிக வேகமாக இருக்கும். 100-க்கு 20 இறங்கினால் வேகம் மணிக்குச் சுமார் 3.5 கி.மீ. ஆகிவிடும், சமதளத்தில் அது 5. ஜூன், ஜூலை மழையில் செம்மண் வழுக்கும்போது இதுவும் வராது.

உடம்புக்கும் செலவு உண்டு. 25 கிலோ எடையுள்ள பிள்ளை 3 கிலோ பையோடு 200 மீட்டர் ஏறினால், தசை தன் ஆற்றலில் கால்பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்பதால், ஏற்றத்துக்கு மட்டும் 50 கலோரிக்கு மேல் போகும். கிட்டத்தட்ட ஒரு இட்லி. அதனால்தான் தொடக்கப் பள்ளிகளில் தரும் காலை உணவு மலையில் இன்னும் அவசியமாகிறது. அதே சமயம், சமவெளியில் பெரிய உதவியாக இருக்கும் இலவச சைக்கிளை இந்த ஏற்றத்தில் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும்.

மற்ற நாடுகள் தூரத்தை எப்படி அளக்கின்றன? பின்லாந்தில் 5 கி.மீ.க்கு மேல் என்றால் வாகனம் இலவசம். பாதை மிகக் கடினம் அல்லது ஆபத்து என்றால் குறைந்த தூரத்துக்கும் உண்டு. அதோடு, காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு நாள் பயணம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. 13 வயது நிரம்பியவர்களுக்கு 3 மணி நேரம். நேரத்தைச் சட்டத்தில் எழுதியதுதான் இதில் அருமையான விஷயம். சீனாவின் சிச்சுவான் மாகாணத்து அதுலேர் கிராமப் பிள்ளைகள் சுமார் 800 மீட்டர் செங்குத்துப் பாறையில் கொடி ஏணிகளைப் பிடித்து இறங்கி, அடிவாரப் பள்ளியிலேயே தங்கிப் படித்தார்கள். 2016இல் இரும்பு ஏணி வந்தது; 2020இல் பல குடும்பங்கள் நகரத்துக்குக் குடியேற்றப்பட்டன. ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் 1951 முதல் பாடமே வானொலி வழியாக வீட்டுக்குப் போனது. இப்போது இணையம் வழியாகப் போகிறது.

நமக்கு உடனே கைகொடுக்கக்கூடியது ஜப்பான் முறை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் கூடி வரிசையாக நடக்கிறார்கள். முன்னால் பெரிய வகுப்புப் பிள்ளை, அதற்கு அடுத்து முதல் வகுப்புக் குழந்தைகள், கடைசியில் இன்னொரு பெரிய பிள்ளை. குழந்தைகள் முன்னாலேயே இருப்பதால் நடையின் வேகத்தை அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள், யாரும் பின்தங்குவதில்லை. எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இதை நாளைக்கே தொடங்கலாம். மூடுபனியில் தெரிய மஞ்சள் தொப்பி போதும்.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இது உதவாது. யானை நடமாடும் பாதையில் பத்துப் பிள்ளைகளை வரிசையாக அனுப்புவது பத்துப் பேரையும் ஆபத்தில் விடுவது. அங்கே வண்டி மட்டுமே வழி, அதுவும் இருட்டுவதற்குள் வீடு சேர்க்கிற வண்டி. காலையில் ஒரே பேருந்து வரும் ஊரில், மரம் விழுந்து அது நின்றால் அன்றைய பாடம் போயிற்று. மாற்று வண்டிக்கு முன்கூட்டியே ஆள் சொல்லிவைக்கவேண்டும். விடுதியைக் கடைசி வழியாகத்தான் நினைக்கவேண்டும்; ஆறு வயதுக் குழந்தைக்கு வீடு வேண்டும்.

வண்டி கேட்டுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடும்போது கிலோமீட்டரை மட்டும் எழுதாதீர்கள். மழைக்காலத்தில் ஒரு நாள் முதல் வகுப்புக் குழந்தையோடு, புத்தகப் பையும் இருக்க, நடந்து பாருங்கள். போக எவ்வளவு நேரம், திரும்ப எவ்வளவு நேரம், ஓடை எங்கே, கைப்பிடி இல்லாத பாலம் எது, காட்டெருமை நிற்கும் வளைவு எது, கைபேசி சிக்னல் எங்கே அறுகிறது என்று குறித்து, கைபேசியில் தெரியும் கடல்மட்ட உயரத்தை வீட்டிலும் ஓடையிலும் பள்ளியிலும் எழுதுங்கள். அந்தத் தாளைத் தீர்மானத்தோடு இணைத்து, நகலைக் கிராம சபையிலும் கொடுங்கள்.