துறையிடை இயற்கை அறிவியல்: மாலைநேரப் பட்டப்படிப்பு ஒன்றின் பெயர் விளக்கம்

'பிளெக்ஸிபிள் ஈவினிங் டிகிரி இன் இன்டர்டிசிப்ளினரி நேச்சுரல் சயின்ஸ்' என்ற பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு சொல்லாகப் பார்ப்போம். 'இன்டர்டிசிப்ளினரி' என்ற சொல் வந்தால் நம் ஊர் அறிவிப்புகளில் பெரும்பாலும் 'பல்துறை' என்று போட்டுவிடுகிறார்கள். அது 'மல்டிடிசிப்ளினரி' என்பதற்கான சொல். இரண்டும் வேறு வேறு படிப்புகளைக் குறிப்பதால், சேரப்போகும் மாணவருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

'டிசிப்ளின்' லத்தீன் வழிச் சொல். 'டிஸ்கெரே' என்றால் கற்றல், 'டிஸ்கிபுலுஸ்' என்றால் மாணவன். மாணவன் கற்பது 'டிசிப்ளினா'. இதற்குத் தமிழில் நிலைத்திருக்கும் சொல் 'துறை'. காவிரிக் கரையில் இருப்பவர்களுக்கு அகராதி பார்க்காமலே இதன் முதல் பொருள் தெரியும்: ஆற்றில் இறங்கும் இடம். மயிலாடுதுறை, ஆடுதுறை, திருவாவடுதுறை, திருப்பராய்த்துறை என்று ஊர்ப்பெயர்களே அதைச் சொல்கின்றன. அறிவின் பிரிவுக்கு இந்தச் சொல் வந்ததும் புதிதாக நடந்ததில்லை. புறநானூற்றுப் பாடல்களின் அடியில் திணையும் துறையும் குறித்திருப்பார்கள். 'யாதும் ஊரே' என்று தொடங்கும் 192ஆம் பாட்டுக்குத் திணை பொதுவியல், துறை பொருண்மொழிக்காஞ்சி. ஒரு பெரிய பொருளுக்குள் இறங்கும் வழிக்குத் துறை என்று நம்மவர்கள் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். 'டிபார்ட்மென்ட்' என்பதற்கும் இதே சொல்லைப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் சின்னக் குழப்பம்.

அடுத்தது 'இன்டர்'. 'இடையே' என்பதுதான் பொருள். டெல்டாக்காரர்களுக்கு இதுவும் பழக்கமானதுதான். காவிரி வழக்கு பற்றிய செய்திகளில் 1956ஆம் ஆண்டின் 'மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தாவாச் சட்டம்' எத்தனை முறை வந்திருக்கும்! அங்கே யாரும் 'பல்மாநில' என்று எழுதவில்லை, ஏனென்றால் பிரச்சினை இருப்பது மாநிலங்களுக்கு நடுவில். அதே கணக்கில் 'இன்டர்டிசிப்ளினரி' என்பதைத் 'துறையிடை' எனலாம். 'இடைத்துறை' என்றும் சிலர் எழுதுவார்கள். எனக்கு அது நடுவில் உள்ள ஒரு துறை என்று கேட்கிறது. 'இடை' ஏழாம் வேற்றுமை உருபாகவும் வருமே என்று இலக்கணம் தெரிந்தவர்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் 'துறையிடைக் கல்வி', 'துறையிடை ஆய்வு' என்று அடுத்த சொல்லோடு சேரும்போது மயக்கம் வராது.

பல்துறைக்கு நம் கல்லூரிகளிலேயே உதாரணம் உண்டு: 'அலைடு' என்று எல்லோரும் சொல்லும் துணைப்பாடம். வேதியியல் படிப்பவர் இயற்பியலும் கணிதமும் அலைடாகப் படிக்கிறார். ஆசிரியர் வேறு, புத்தகம் வேறு, தேர்வும் வேறு. ஒன்றில் படித்ததை இன்னொன்றில் யாரும் கேட்பதில்லை.

துறையிடை எப்படி இருக்கும் என்பதற்கு வயலில் இறங்கினால் போதும். தண்ணீர் கட்டிய நெல் வயலில் ஒரு பயிரை வேரோடு பிடுங்கிக் கழுவிப் பாருங்கள். சேறு கறுப்பாக, நாற்றமடிக்கும். வேரின் மேல் மட்டும் துருப்பிடித்ததுபோல் செம்பழுப்புப் படலம் ஒட்டியிருக்கும். உண்மையில் அது துருதான். காற்றைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும்; இது இயற்பியல். அதனால் சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்துபோக, நுண்ணுயிரிகள் இரும்பைக் கரையும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்று போகும் வெற்றிடங்கள் கொண்ட காற்றறைத் திசு இருப்பதால் இலை வழியாக இறங்கும் ஆக்சிஜன் வேரிலிருந்து கசிகிறது, இது தாவரவியல். கரைந்த இரும்பு அந்த ஆக்சிஜனைச் சந்தித்ததும் வேரிலேயே துருவாகப் படிகிறது, இது வேதியியல். அதே காற்றறை வழியாகச் சேற்றில் உண்டாகும் மீத்தேன் மேலேறி வெளியே போகிறது. அங்கே வளிமண்டல அறிவியல் வந்துவிடுகிறது.

நம் விவசாயிகள் சொல்லும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறையில் இடையிடையே வயலைக் காயவிட்டால் மண்ணுக்குள் காற்றுப் புகுந்து மீத்தேன் குறையும். ஆனால் அப்போது, மீத்தேனைப் போலவே பூமியைச் சூடாக்கும் நைட்ரஸ் ஆக்சைடு கூடக்கூடும். இந்த இரண்டையும் சேர்த்து எடைபோட ஒரு துறை மட்டும் தெரிந்திருந்தால் முடியாது. இந்த மாதிரிக் கேள்வியிலிருந்து தொடங்கி, அதற்கு வேண்டிய இயற்பியலையும் வேதியியலையும் உயிரியலையும் தேடிப் போகிற படிப்புதான் துறையிடைப் படிப்பு.

'நேச்சுரல் சயின்ஸ்' என்பதற்கு 'இயற்கை அறிவியல்' போதும். பழைய புத்தகங்களில் 'இயற்கை விஞ்ஞானம்' என்று இருக்கும். லத்தீனில் 'ஸ்கியென்ஷியா' என்றால் அறிவு. 'அறி' என்ற வினையிலிருந்து வரும் 'அறிவியல்' அதற்கு நேராகப் பொருந்துகிறது. 'நேச்சுரல் சயின்ஸ்' என்ற பெயரில் கேம்பிரிட்ஜில் 1851லேயே பட்டத்தேர்வு நடந்தது. இன்றும் அங்கே முதல் ஆண்டு மாணவர் மூன்று அறிவியல் பாடங்களோடு கணிதமும் எடுக்கிறார். 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்று பெயர் வாங்கிய கும்பகோணம் அரசு கலைக் கல்லூரியில் இப்படி ஒரு பட்டம் மாலையில் நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, 'மாலைநேரம்'. இதை 'ஷிப்ட் டூ'வோடு குழப்பக் கூடாது. இரண்டாம் சுழற்சி முழுநேர மாணவருக்கானது; மதியம் தொடங்கும். மாலைக் கல்லூரியோ பகலில் உரக்கடையில் கணக்கு எழுதுபவருக்கும் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்ப்பவருக்கும் உரியது. லண்டனில் 1823ல் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய பர்க்பெக் கல்லூரி இதற்குப் புகழ்பெற்ற முன்னோடி. மாலை 6 முதல் 9 வரை என்பது அங்கே வழக்கமான வகுப்பு நேரம். தொல்காப்பியம் சொல்லும் சிறுபொழுதில் இந்த நேரம் அப்படியே 'மாலை'. அஞ்சல்வழிக் கல்வி, தொலைநிலைக் கல்வி இரண்டும் இதிலிருந்து வேறு. அறிவியலுக்குச் செய்முறை வகுப்பு உண்டு. அதை அஞ்சலில் அனுப்ப முடியாது.

'பிளெக்ஸிபிள்' என்பதற்கு 'நெகிழ்வான' என்று எழுதுகிறோம். லத்தீன் மூலத்தில் வளைதல். தமிழில் நெகிழ்தல் என்றால் இறுக்கம் தளர்வது. சங்கப் பாட்டில் பிரிவால் மெலிந்தவளின் வளை நெகிழும். கால அட்டவணையின் இறுக்கத்தைத் தளர்த்துவதுதான் இங்கே நோக்கம், ஆகவே தமிழ்ச்சொல்லே கூடுதலாகப் பொருந்துகிறது. ஆனால் சொல்லில் இருக்கும் நெகிழ்வு வகுப்பிலும் இருக்க வேண்டும். பேராவூரணிப் பக்கமிருந்து தஞ்சாவூருக்கு வந்து படிப்பவருக்குக் கடைசி பஸ் போய்விட்டால், அறிவிப்பில் என்ன எழுதியிருந்தும் பயனில்லை.

விண்ணப்பத்திலும் அறிவிப்பிலும் இப்படி எழுதலாம்: 'இளம் அறிவியல் பட்டம், துறையிடை இயற்கை அறிவியல், நெகிழ்வான மாலைநேர வகுப்புகள்'. பேச்சில் 'ஈவினிங் காலேஜ்' என்றே இருக்கட்டும்.