"யோசிக்காதீங்க" என்று சொல்வதை நான் விட்ட கதை

உளவளத்துணையாளராக வேலை தொடங்கிய புதிதில், மூதூரிலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு, "ஐயா, ஒண்டுக்கும் யோசிக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். மனுசன் கோபப்படவில்லை. "யோசிக்காம இருக்கத் தெரிஞ்சா நான் ஏன் பிள்ள விடியக்காலமை பஸ் ஏறி வாறன்?" என்றார். அன்றோடு அந்த வார்த்தையை விட்டேன்.

திருகோணமலையில் யாரும் "எனக்கு மன அழுத்தம்" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "ஒரே யோசனை", "நெஞ்சு படபடக்குது", "நித்திரை இல்லை" என்றுதான் வருவார்கள். கொழும்பில் பயிற்சிக்குப் போனால், "கடற்கரையை வைத்துக்கொண்டு உங்களுக்கென்ன டென்ஷன்?" என்று பகிடி விடுவார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்தக் கடலைப் பார்க்கவே வருசக்கணக்காக மறுத்தவர்களோடு நான் கதைத்திருக்கிறேன். டச்பே கடற்கரையில் போய்க் காற்று வாங்குங்கள் என்பது எல்லாருக்கும் மருந்தாகாது.

யோசிக்காதே என்று சொன்னால் யோசனை கூடத்தான் செய்யும். 1987இல் டானியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் மாணவர்களிடம், ஐந்து நிமிடத்துக்கு வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்றார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நினைக்கலாம் என்று பிறகு அனுமதி கொடுத்தபோது, முதலில் அடக்கியவர்களுக்குத்தான் கரடி கூடுதலாக வந்தது. "நல்லதையே நினை" என்று காலையில் வட்ஸ்அப்பில் வரும் பூப்படங்களும் எனக்கு இந்த வகைதான். அனுப்புகிறவர்கள் கோபிக்கக்கூடாது.

தம்பலகாமம் பக்கத்து அக்கா ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். விடிய மூன்றரைக்கு எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். குழுவாக எடுத்த கிழமைக்கடன் ஒன்று, உயர்தரப் பரீட்சை எழுதப்போகும் மகள், வாடைக் காலத்தில் தொழிலில்லாத புருசன். படபடப்புக்கு ஈ.சி.ஜி. எடுத்து, இருதயத்தில் பிரச்சினை இல்லை என்று சொன்ன பிறகுதான் என்னிடம் அனுப்பினார்கள். அந்த வரிசை முக்கியம். நெஞ்சு வலியை "யோசனைதான்" என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள்.

படபடப்பு எப்போது வருகிறது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "திங்கள் ராத்திரி, மிஸ்" என்றார். லோன்காரர் வருவது செவ்வாய்க்கிழமை.

எங்கள் பேச்சில் யோசனை என்றால் கவலை. ஆனால் "என்னட்ட ஒரு யோசனை இருக்கு" என்றால் அது வழி. முதலாவதை எப்படி இரண்டாவதாக்குவது? 1983இல் தோமஸ் போர்கோவெக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒரு முறையை எழுதினார்கள். கவலைக்கென்று ஒரு நேரத்தையும் ஓர் இடத்தையும் ஒதுக்கிவிட வேண்டும். மற்ற நேரத்தில் கவலை வந்தால், அதற்குரிய நேரத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும். அக்காவுக்கு நாங்கள் பின்னேரம் ஐந்து மணியை எடுத்தோம். அரை மணித்தியாலம், குசினி வாசற்படி, கிழித்த கலண்டர் ஒற்றையின் பின்பக்கம், ஒரு பேனை. படுக்கையில் அல்ல.

எழுதுவதற்கு மட்டும் என் சொந்தக் கைமருந்து ஒன்றைச் சேர்த்தேன். அவர் முதல்நாள் எழுதிய ஒற்றையில் பாதி வசனம் "ஏன்" என்று தொடங்கியது. ஏன் எனக்கு மட்டும், ஏன் இந்த மனுசன் இப்படி. அந்த "ஏன்" வசனத்தின் கடைசிக்குப் போகட்டும் என்றேன். கேட்பேன், கொடுப்பேன், போவேன். (பேச்சில் "கேப்பன்" என்றுதான் சொல்வோம். எழுதும்போது தமிழ் கைகொடுக்கிறது.) "மகள் பாஸாகுவாளா" என்ற வசனத்தின் வினை மகளுடையது, அதை அக்கா முடிக்க முடியாது. "மகள் படிக்கும்போது ரீவியை நிறுத்துவேன்" என்பது அக்காவுடையது. "லோன்காரர் சத்தம் போடுவார்" அவருடையது. "திங்கட்கிழமையே போன் எடுத்து, பாதிக் காசுதான் இருக்கு என்று சொல்வேன்" என்பதை எழுத மட்டும் இரண்டு கிழமை பிடித்தது. சில வசனங்களுக்கு எந்த "ஏன்"உம் பொருந்தாது. அவற்றை அப்படியே விட்டு ஒற்றையை மடித்துவிட வேண்டும். அதுதான் கஷ்டம். எனக்கும் கஷ்டம்.

நம்பிக்கை விசயத்திலும் வெறுவாயை மெல்லச் சொல்லமாட்டேன். "2022இல காஸ் இல்லாம என்ன செய்தீங்க அக்கா?" என்று கேட்டேன். "விறகு அடுப்பு மூட்டினன். பெற்றோல் இல்லை எண்டு கடைக்காரர் வரேல்ல, மகளின்ட சைக்கிள்ல நானே கொண்டுபோனன்" என்றார். சொல்லும்போதே நிமிர்ந்து உட்கார்ந்தார். "எல்லாம் சரிவரும்" என்று நான் பத்துத் தடவை சொன்னாலும் அந்த நிமிர்வு வந்திருக்காது. அது அவருடைய கையிருப்பு.

படபடப்பு வரும் நேரத்துக்கு மூச்சு. நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுவது. மூச்சை வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துடிப்பு கொஞ்சம் தணியும், அதனால்தான் விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் போதும். இரவு எட்டு மணிப் பிளேன்ரீயையும் நிறுத்தினோம். தேயிலையில் இருக்கும் கபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சராசரி ஐந்து மணித்தியாலம் எடுக்கும். மூன்றரைக்கு எழும்புகிறவருக்கு அது கட்டுப்படியாகாது.

இவையெல்லாம் அன்றாட நெருக்கடிக்கு. இரண்டு கிழமைக்கு மேலாக மனம் வெறுமையாகவே கிடந்து, எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடும் நித்திரையும் குழம்பினால் அது மனச்சோர்வாக இருக்கலாம். கலண்டர் ஒற்றை போதாது. அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் இலவசமாகவே பார்ப்பார்கள். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு 24 மணித்தியாலமும் எடுக்கலாம். பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுத்தாலும் சரி.

அக்கா போன மாதம் வந்தார். திங்கள் ராத்திரி இன்னும் கொஞ்சம் படபடக்குது என்றார். மா ஒட்டிய ஒற்றைகளை ரப்பர்பாண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அனேகமான வசனங்களுக்குப் பக்கத்தில் சரி அடையாளம். ஒன்றுக்கு மட்டும் ஒவ்வொரு கிழமையும் பிழை போட்டிருந்தது: "ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிவரை படுப்பேன்."

"அது மட்டும் முடியேல்ல மிஸ்" என்றார். "கண் தானா முழிச்சிடுது."