சிமுலேட்டரில் ஓடியதும் களத்தில் இறங்கிவிடாதீர்கள்

கம்பியில்லா சென்சார் வலையமைப்பு அமைப்பவர்கள் ஆலோசனைக்கு வரும்போது பெரும்பாலும் கூஜா சிமுலேட்டரின் (வலையமைப்பைக் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) வரைபடத்தைத்தான் கொண்டுவருகிறார்கள். ஒரு தரவு பாக்கெட்கூடத் தொலையவில்லை என்பார்கள். சரி, எந்த ரேடியோ மாடலில், அதாவது அலை எப்படிப் பரவும் என்ற எந்தக் கணக்கில் என்று கேட்டால் பதில் வராது. எளிய மாடலில் ஒரு நோடின், அதாவது ஒரு சென்சார் கருவியின், ரேடியோ எல்லை வெறும் வட்டம். வட்டத்துக்குள் இருந்தால் கேட்கும், வெளியே போனால் கேட்காது. கட்டடத்துக்குள் அப்படி நடப்பதில்லை. இந்த நோட் அனுப்புவது அதற்குக் கேட்கும், அது அனுப்புவது இதற்குக் கேட்காது. ஒரு இரும்புக் கதவைச் சாத்தினாலே பாதை மாறிவிடும்.

இதற்காகத்தான் சோதனைத்தளங்கள் வந்தன. ஹார்வர்டில் முன்பு இருந்த மோட்லேப், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் இந்திரியா, பிரான்சில் பல நகரங்களில் பரவிய ஃபிட் ஐஓடி-லேப் எல்லாம் இந்த வகை. நிஜ நோடுகளைக் கட்டடம் முழுக்கப் பொருத்தியிருப்பார்கள். இருந்த இடத்திலிருந்தே நிரலை ஏற்றி, பதிவுகளை எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் சோதனைத்தளத்தின் முடிவையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. முதலில் எந்தச் சேனல் என்று பாருங்கள். இந்த நோடுகளில் வழக்கமாக இருக்கும் 802.15.4 தர ரேடியோவுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் 11 முதல் 26 வரை 16 சேனல்கள். வைஃபை வழக்கமாக 1, 6, 11 சேனல்களில் ஓடுவதால் 26 ஓரளவு அமைதியாக இருக்கும். அந்தச் சேனலில், அதுவும் ஆளில்லாத இரவில் ஓட்டினால் எந்த நெறிமுறையும் (நோடுகள் பேசிக்கொள்ளும் விதிமுறை) ஜெயிக்கும். வேலை நாளில், பகலில், நெரிசலான சேனலிலும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்த பிறகு சொல்லுங்கள்.

அடுத்தது யுஎஸ்பி. இதுதான் பலரும் கவனிக்காதது. பல சோதனைத்தளங்களில் மின்சாரம், பதிவு இரண்டும் யுஎஸ்பி கேபிள் வழியாகத்தான் வருகின்றன. நோட் அந்தக் கேபிளின் சீரியல் இணைப்பில் பதிவுக்காக ஒரு வரி அச்சிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 115200 பாட் (வினாடிக்கு அத்தனை பிட்) வேகத்தில் 50 எழுத்து அனுப்பச் சுமார் 4.3 மில்லிவினாடி ஆகும். ஒரு முழுநீள பாக்கெட் காற்றில் போகவும் ஏறக்குறைய அதே நேரம்தான். அந்த வரி முடியும்வரை நிரல் காத்திருந்தால், நீங்கள் அளப்பது உங்கள் நெறிமுறையை அல்ல, அச்சிடுதலோடு சேர்ந்த வேறொன்றை. ஜூரிக்கில் உருவான ஃபிளாக்லேப் சோதனைத்தளம் எனக்குப் பிடித்ததற்குக் காரணமே இதுதான். நோட் தன் சிப்பின் ஒரு பின்னில் மின்னழுத்தத்தை மட்டும் தூக்கி இறக்கினால் போதும். பக்கத்திலுள்ள தனிக் கருவி நேரத்தைக் குறித்துக்கொள்ளும், மின்னோட்டத்தையும் அளந்துவிடும்.

மின்னோட்டத்தை அளக்காமல் விடவே விடாதீர்கள். சிசி2420 என்ற ரேடியோ சிப் கேட்டுக்கொண்டிருக்கும்போது 18.8 மில்லிஆம்பியர் இழுக்கும். அதைத் தூங்கவிடாத ஒரு சின்னப் பிழை போதும், 2500 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி ஆறு நாள்கூடத் தாங்காது. யுஎஸ்பியில் ஓடும்வரை இது கண்ணிலேயே படாது.

அப்புறம் வெப்பம். நோடின் கடிகாரத்தை ஓட்டும் 32 கிலோஹெர்ட்ஸ் படிகம் 25 டிகிரியை ஒட்டித்தான் சரியாக ஓடும். வெயிலில் மூடிய பெட்டி 65 டிகிரியைத் தொட்டால், பத்து லட்சத்துக்கு 50 பங்குக்கு மேல் மெதுவாகும்; மணிக்கு 0.2 வினாடி பிசகு. கடிகார ஒத்திசைவை நம்பித் தூங்கி எழும் நோடுகள் ஒன்றையொன்று தவறவிட இது தாராளம். குளிரூட்டிய அறையில் இந்தக் கோளாறு வெளிப்படாது. ஆகவே முழு வலையமைப்பையும் நிறுவும் முன், நான்கைந்து நோடுகளை அதே பெட்டியில், பேட்டரியில், அதே வெயிலில் சில வாரம் விட்டுப் பாருங்கள்.