சவர மிஷின் மாதிரி ஒரு கேமரா

"ஏய்யா, கல்யாண வீட்டுல யாருக்குச் சவரம் பண்ணப் போற?"

மாப்பிள்ளையின் ஆச்சி இப்படிக் கேட்டபோது என் கையில் இருந்தது டிஜேஐ கம்பெனியின் ஆஸ்மோ பாக்கெட் 3 என்ற சின்ன வீடியோ கேமரா. வாங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. ஒரு சாண் கூட இல்லாத நீளம், 179 கிராம் எடை, தலையில் உருண்டையாக ஒரு லென்ஸ். ஆச்சியைக் குறை சொல்ல முடியாது. எனக்கே முதல் பார்வையில் அப்படித்தான் தெரிந்தது.

திருநெல்வேலிப் பக்கம் இருபது வருடமாகக் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன் நான். தோளில் பானசோனிக் எம்டி 10000, பக்கத்தில் ஆயிரம் வாட் லைட்டைத் தூக்கிப் பிடிக்க ஒரு பையன், அவன் பின்னால் ஒயர் சுருட்ட இன்னொருவன். அப்படித் தொடங்கிய தொழில். அந்தப் படை மண்டபத்துக்குள் நுழைந்தாலே சேலைத் தலைப்பைச் சரி செய்வார்கள், சாப்பிடுகிறவர்கள் இலையில் கைவைத்தபடி சிலையாகிவிடுவார்கள். இந்தச் சின்னக் கேமராவுக்கு யாரும் சிலையாகவில்லை. முதல் நாளே என்னை அசத்தியது அதுதான், படத்தின் தரம்கூட அப்புறம்தான். பந்தியில் பாயசம் கேட்டுச் சண்டை போடும் சித்தப்பா, மணமேடைக்குப் பின்னால் தூங்கி வழியும் குழந்தை, சமையல்கட்டில் பழைய கதை பேசும் ஆச்சி, எல்லாம் உள்ளது உள்ளபடி வந்தது.

பெண்ணின் அப்பாவுக்கு மட்டும் முகம் வாடிவிட்டது. "பெரிய கேமரா கொண்டு வரலையா தம்பி?" என்றார். கொடுத்த பணத்துக்குக் கேமராவின் அளவு போதவில்லை என்ற கவலை. பெரியதையும் வெளியே எடுத்து ஸ்டாண்டில் நிறுத்திய பிறகுதான் டிபன் சாப்பிடப் போனார்.

பாக்கெட் வீடியோ கேமரா புதிய சங்கதி இல்லை. அமெரிக்காவில் ஃபிளிப் என்ற பெயரில் ஒன்று 2007 வாக்கில் சக்கைப்போடு போட்டது. யூஎஸ்பி முனை அதன் உடம்பிலிருந்தே வெளியே வரும். அதைத் தயாரித்த கம்பெனியை 2009-இல் சிஸ்கோ சுமார் 59 கோடி டாலருக்கு வாங்கியது, 2011 ஏப்ரலில் இழுத்து மூடியது. எல்லார் போனிலும் வீடியோ வந்துவிட்ட காலம் அது. பிறகு 2018 கடைசியில் டிஜேஐ முதல் ஆஸ்மோ பாக்கெட்டைக் கொண்டுவந்தது. லென்ஸை ஆடாமல் பிடிக்கும் மூன்று அச்சு கிம்பலையும் கேமராவையும் ஒரே கைப்பிடியில் சேர்த்ததுதான் அதன் சாமர்த்தியம். நான் வாங்கிய மூன்றாவது மாடல் 2023 அக்டோபரில் வந்தது.

இப்போது கல்யாண வீட்டுக்கு இரண்டு பேராவது இந்த மாதிரி கேமராவோடு வருகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த அத்தான், இன்ஸ்டாவில் ரீல்ஸ் போடும் தங்கச்சி. "அண்ணே, எதைக் கவனிக்கணும்?" என்று கேட்கிறார்கள். கேட்காதவர்களும் உண்டு, மறுவாரம் கார்டை எடுத்துக்கொண்டு என் ஸ்டூடியோவுக்கு வருவார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இதில் சொல்லும் தவறுகளில் பாதி நானே செய்தவை.

முதலில் "ஒரு இன்ச் சென்சார்", அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு. கடையில் இதைச் சொல்லித்தான் விற்பார்கள். ஒரு இன்ச் என்றால் 25.4 மி.மீ. என்றுதானே நினைப்போம்? அந்தச் சென்சாரின் அளவு 13.2-க்கு 8.8 மி.மீ., மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மி.மீ. அளவுதான். பழைய டியூப் கேமரா காலத்தில் கண்ணாடிக் குழாயின் வெளி அளவை வைத்துச் சொன்ன பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், போன்களில் பெரும்பாலானவற்றைவிட இது பெரிய சென்சார்தான். ஆனால் மண்டப வாசலில் சீரியல் லைட் மட்டும் எரியும்போது, என் பெரிய கேமரா வாங்கும் வெளிச்சத்தை இது வாங்காது. லென்ஸும் அகலக் கோணம், ஜூம் எல்லாம் படத்தை வெட்டிப் பெரிதாக்கும் டிஜிட்டல் வேலை. கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு தாலி கட்டுவதை எடுக்கலாம் என்று கனவு காணாதீர்கள். பக்கத்தில் போக வேண்டும்.

அடுத்தது, நான் பட்ட பாடு. புதுக் கேமரா மோகத்தில் ஒரு வரவேற்பு முழுவதையும் நொடிக்கு 30 பிரேம், அதாவது 30 படம், வைத்து எடுத்துவிட்டேன். பழைய மண்டபம், சோக் வைத்த டியூப்லைட்டுகள். வீட்டில் வந்து போட்டுப் பார்த்தால், பெண் மாப்பிள்ளை முகத்தின் மேல் கருப்புப் பட்டை ஒன்று மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே அந்த விளக்குகள் நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 30 அல்லது 60 பிரேம் என்பது 60 ஹெர்ட்ஸ் உள்ள அமெரிக்கா போன்ற ஊர்களுக்கு ஒத்துப்போகிற கணக்கு. நமக்கு 25 அல்லது 50 பிரேம், ஷட்டர் (ஒரு பிரேமுக்கு வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/50 அல்லது 1/100 நொடி. மெனுவில் ஃபிளிக்கர் தடுப்பு இருந்தால் 50 ஹெர்ட்ஸ். இவ்வளவுதான் விஷயம். இருபது வருட அனுபவக்காரன் இதை மறந்தேன் என்றால் காரணம், கேமரா விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்ததுதான். பெரிய கேமராவில் தொடும் முதல் செட்டிங்கை இதில் தொடவே தோன்றவில்லை.

ஸ்லோமோஷன் ஆசை இருந்தால் பகல் வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 4கே-யில் நொடிக்கு 120 பிரேம் எடுக்கும் என்பது உண்மை. அதே டியூப்லைட்டுக்குக் கீழே அதை எடுத்தால் கெட்டிமேளம் முழுக்கப் படம் கண்சிமிட்டும்.

முகத்தைத் தானே பின்தொடரும் வசதி பற்றியும் சொல்ல வேண்டும். தனியாக நின்று பேசி எடுப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம், கூட்டத்தில் நம்ப முடியாது. மாப்பிள்ளை முதல் முடிச்சு போட்டார், அடுத்த இரண்டு முடிச்சுக்கு நாத்தனார் குனிந்தார், லென்ஸ் அழகாக நாத்தனார் முகத்துக்குத் திரும்பிக்கொண்டது. மிச்சம் முழுவதும் நாத்தனார்தான். நல்லவேளை, பெரிய கேமரா ஸ்டாண்டில் ஓடிக்கொண்டிருந்தது. முகூர்த்த நேரத்தில் அந்த வசதியை அணைத்துவிட்டு நீங்களே திருப்புங்கள். கிம்பல் இருக்கிறது என்று தடதடவென்று ஓடவும் வேண்டாம். திரும்பும், சாயும் ஆட்டத்தைத்தான் அது சரி செய்யும், அடி வைக்கும்போது உடம்பு ஏறி இறங்குவதை அது பிடிக்காது. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, தண்ணீர்க் குடம் சுமப்பதுபோல நடந்தால் போதும்.

சத்தம். இதைப் பற்றி ஒரு முழுக் கட்டுரையே எழுதலாம். கேமராவிலேயே மூன்று மைக் இருக்கிறது, பேச்சு நன்றாகவே பதியும். ஆனால் தவிலுக்கு நான்கடி தூரத்தில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் ஆட்டோ செட்டிங்கில் விட்டால், நாதஸ்வரமும் குலவையும் சேர்ந்து கிழிந்த தகர ஓசையாகத்தான் மிஞ்சும். கிழிந்த படத்தைக்கூட ஓரளவு ஒட்டிவிடுவேன், கிழிந்த சத்தத்தை ஒட்ட எனக்குத் தெரிந்து வழி இல்லை. மைக் அளவைக் கையால் குறைத்து, ஒலி மீட்டரின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். மேளக்காரர்கள் பக்கம் போகும் முன்பே குறைக்க வேண்டும், போன பிறகு அல்ல.

சரி, கார்டுக்கு வருவோம். ஸ்டூடியோவுக்கு அழுதுகொண்டு வருகிறவர்களில் அதிகம் பேர் கார்டால் அழுகிறவர்கள். இந்தக் கேமரா உச்சத் தரத்தில் நொடிக்கு 130 மெகாபிட் எழுதும். எட்டு பிட் ஒரு பைட் என்று கணக்குப் போட்டால் மணிக்குச் சுமார் 58 ஜிபி. அந்தக்கால மினிடிவி (MiniDV) வீடியோ கேசட் ஒரு மணி நேரத்துக்குப் பிடித்தது சுமார் 13 ஜிபிதான். 128 ஜிபி கார்டு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும், நிச்சயதார்த்தத்துக்கே சரியாகப் போய்விடும். கார்டில் வி30 என்ற குறி இருக்க வேண்டும், நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்பது அதன் பொருள்.

குறி மட்டும் போதாது, ஏனென்றால் போலிகள் அதையும் அச்சடிக்கின்றன. பாதி விலைக்குக் கிடைக்கும் 256 ஜிபி கார்டுக்குள் பல நேரம் உண்மையில் இருப்பது 16 ஜிபிதான். கம்ப்யூட்டரில் போட்டால் 256 என்றே காட்டும், பதிவும் ஓடும். நிஜ இடம் தீர்ந்ததும் பழையதன் மேலேயே எழுதும், அல்லது எழுதுவதுபோல நடிக்கும். கல்யாணம் முடிந்து திறந்தால் முதல் சில நிமிடம் இருக்கும், மிச்சக் கோப்புகள் பெயரளவில் இருக்கும். நானும் ஒரு தடவை மாட்டியிருக்கிறேன், எந்தக் கடை என்பது இப்போது முக்கியமில்லை. அதிலிருந்து புதுக் கார்டு எதுவாக இருந்தாலும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச நிரலால் முழுதும் நிரப்பிச் சோதித்த பிறகே கேமராவில் போடுகிறேன். சில மணி நேரம் பிடிக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். தெரியாமல் அழித்துவிட்டால் அதே கார்டில் அதற்கு மேல் ஒரு நொடிகூட எடுக்காதீர்கள். கழற்றிப் பையில் வைத்துவிட்டால் மீட்க வழி உண்டு, மேலே எழுதிவிட்டால் கிடையாது.

பேட்டரி உள்ளேயே இருக்கிறது, மாற்ற முடியாது. 1080பி-யில் 166 நிமிடம் என்று கம்பெனி சொல்வது திரையை அணைத்து, வைஃபையை நிறுத்தி அளந்தது. பவர் பேங்க் இல்லாமல் போக வேண்டாம். வேலை செய்யக்கூடிய வெப்பம் 40 டிகிரி வரை என்று எழுதியிருக்கிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டை வெயிலே அந்த எல்லையை எட்டிப் பார்க்கும். காருக்குள் விட்டுவிட்டுப் பந்திக்குப் போகாதீர்கள். தண்ணீர் தாங்காது, ஆகவே வாசலில் பன்னீர் தெளிக்கும் பெண்பிள்ளைகளிடமிருந்து கேமராவைக் காப்பாற்றுங்கள். அட்சதை அரிசி ஒன்று கிம்பல் இடுக்கில் மாட்டி, தலை கோணிக்கொண்டு நின்றதையும் பார்த்துவிட்டேன். திரையைத் திருப்பினாலே கேமரா விழித்துக்கொள்ளும். சட்டைப்பையில் உறை இல்லாமல் போட்டால் உள்ளேயே விழித்து, நகர இடமில்லாமல் மோட்டார் திணறும்.

இவையெல்லாம் பணத்தோடும் பொருளோடும் போகிற விஷயம். வேறு ஒன்று இருக்கிறது.

ஒரு கல்யாணத்தில் மணப்பெண் அறைக் கண்ணாடி மேஜையில் இந்த மாதிரி கேமரா ஒன்று நின்றது. பெண்ணின் அலங்காரத்தை டைம்லாப்ஸாக, நீண்ட நேரத்தைச் சில நொடியாகச் சுருக்கும் படமாக, எடுக்க உறவுக்காரப் பையன் வைத்துவிட்டு மறந்து போயிருந்தான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பள்ளிக்கூடப் பையன். ஆனால் அந்த அறையில்தான் நான்கு பெண்கள் சேலை மாற்றியிருக்கிறார்கள். ஒருவர் கண்ணுக்கும் அது கேமராவாகத் தெரியவில்லை. பெண்ணின் அக்காவை அழைத்து, அவர் கண் முன்னால் அழித்துக் காட்டினேன், பையனைத் தனியாகக் கூப்பிட்டும் பேசினேன். சம்மதம் இல்லாமல் ஒருவரின் அந்தரங்கத்தைப் படம் பிடித்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெண்களை ஒளிந்து படம் பிடிப்பதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. பெண் உடுத்தும் அறைக்குள் எந்தக் கேமராவும் தனியாக நிற்கக்கூடாது. என் குழுவுக்கு இது கட்டளை.

கோயில் கல்யாணங்களிலும் இதே சின்ன உருவம் ஆசை காட்டும். 2022 டிசம்பரில் திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில், தமிழகக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. "இது போன் இல்லையே, வேட்டி மடிப்புல வச்சுக் கொண்டு போயிருங்க" என்று ஒரு வீட்டார் என்னிடமே சொன்னார்கள். மாட்டேன் என்றேன். அனுமதி உள்ள இடத்தில், அனுமதிச் சீட்டு வாங்கி எடுப்பதுதான் தொழில்.

இவ்வளவு பேசும் நானும் முதல் நாள் அதே தப்பைத்தான் செய்தேன். சமையல்கட்டில் ஆச்சி பழைய கதை பேசினார் என்றேன் அல்லவா? வயல் பங்கில் இரண்டு மகன்களுக்கும் நடந்த சண்டை அது. யார் யாரை என்ன சொன்னார்கள் என்பது வரை. சவர மிஷின் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? எடிட்டிங் மேஜையில்தான் எனக்கு உறைத்தது. அந்த ஏழு நிமிடத்தை அழித்துவிட்டு, நேரில் போய் விஷயத்தைச் சொன்னேன். ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "காப்பி குடிச்சிட்டுப் போ" என்றார்.

அதே வீட்டு வளைகாப்புக்குப் போன மாதம் போயிருந்தேன். சமையல்கட்டு வாசலில் என்னைப் பார்த்ததும், "ஏய்யா, அந்தச் சவர மிஷினைக் கொண்டாந்திருக்கியா?" என்றார். ஆமாம் ஆச்சி என்றேன். "அதை அந்த அரிசி மூட்டை மேல வச்சிட்டு வா. ஒரு சங்கதி சொல்லணும்."

அணைத்து, உறையில் போட்டு, மூட்டை மேல் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.